ஆர்டிஸ் வாய் திறந்த நாள்

எங்கள் அலுவலகத்தில் ஒரே கேள்வி வருடத்துக்கு நூறு தடவையாவது என் காதில் விழும். "என் கடிதம் எப்படி இருக்கு?" கேட்பவர்கள் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். பதில் சொல்ல வேண்டியவள் என் பக்கத்து மேசைக்காரி ஆர்டிஸ் நீமி. "வந்துடுச்சு" என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல்லைப் பெயர்த்துவிட முடியாது.

வடக்கு ஓரத்துப் பனி மாநிலத்தில் டலூத் என்ற நகரத்தில், ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது எங்கள் கல்லூரி. மருத்துவம் படிக்கப் போகிறவர்களின் விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்புவது எங்கள் வேலை. பேராசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் ஆர்டிஸின் கணினிக்குத்தான் வரும். மாணவர் பெயர் சரியா, தேதி உண்டா, கையெழுத்து உண்டா என்று அவள் பார்ப்பாள். பிறகு மாணவர் தேர்ந்தெடுத்த கடிதங்களை மட்டும் மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவாள். எழுதியதில் என்ன இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரியக் கூடாது. பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எல்லோரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போடாவிட்டால் அந்தக் கடிதத்தை எந்தக் கல்லூரியும் நம்பாது.

இருபத்திரண்டு வருடம் அவள் இந்த வேலையைச் செய்தாள். அவளுக்கென்று இருந்த பெரிய மரியாதை ஒன்றுதான். ஆர்டிஸிடம் போனது வெளியே வராது. அவள் புருஷன் வெஸ் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். சனிக்கிழமை நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்து அவன் ஊர்க்கதை எல்லாம் சொல்வானாம், இவள் தலையை மட்டும் ஆட்டுவாளாம். தேவாலயத்தில் காபி ஊற்றிக் கொடுக்கும் பெண்கள்கூட ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்ல இவளிடம்தான் வருவார்கள். அது ஒரு தனிப் பிறவி. எனக்கு அந்த வரம் இல்லை. நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், பெயர்களையும் மாற்றிவிட்டேன். அப்படியும் இதை எழுதுவது தப்புதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

டெஸ்ஸா வுகெலிச் என்ற பெண் ஒரு ஏப்ரல் மாதம் வந்தாள். வடக்கே இரும்புச் சுரங்கப் பக்கத்துப் பெண். அப்பா சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார். இவளுக்கு வெறும் மருத்துவம் போதாது, ஆராய்ச்சியும் சேர்ந்த எட்டு வருடப் படிப்பு வேண்டும். அதில் ஒரு கல்லூரிக்கு வருடத்துக்குப் பத்துப் பேரை எடுத்தால் பெரிது. மதிப்பெண்ணில் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், கடிதம்தான் பிரித்துக் காட்டும். யாரிடம் கேட்பது என்று பிள்ளைகள் அந்த மாதம் முழுக்கத் தூக்கமில்லாமல் அலைவார்கள்.

டெஸ்ஸா நாலு பெயர் எழுதிய தாளை நீட்டினாள். வேதியியல் பேராசிரியை ஒருத்தர், முதியோர் இல்லத்து மருத்துவர் ஒருத்தர், கணக்குப் பேராசிரியர் ஒருத்தர். பட்டியலின் உச்சியில் டாக்டர் கிரகாம் ஸ்டோடார்ட். ஊரில் பெரிய இதய அறுவை மருத்துவர், பெயரைச் சொன்னால் நாலு மாநிலத்தில் தெரியும். கூட நின்று அவர் வேலையை இவள் பார்த்தது ஆறு வாரம். கடிதம் கேட்டதும் மனிதர், சந்தோஷமாத் தரேன், நீயே ஒண்ணு எழுதி அனுப்பு, பார்த்துக் கையெழுத்துப் போடறேன் என்றாராம். பெரிய மனிதர்கள் பாதிப்பேர் அப்படித்தான்.

ஆர்டிஸ் தாளைப் பார்த்துவிட்டு, மூன்று வருஷம் ட்வீட்டன் ஆய்வகத்தில் இருந்தாயே, அவர் பெயர் எங்கே என்று கேட்டாள்.

டெஸ்ஸாவின் முகம் செத்துவிட்டது. டாக்டர் ரோல்ஃப் ட்வீட்டன் நாலாம் மாடியில் இருப்பவர். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் அணிலின் இதயம் எப்படி நின்றுபோகாமல் இருக்கிறது என்பதை முப்பத்தொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சு என்றால் காத தூரம் ஓடுவார். கடிதம் எழுதினாலும் அளந்துதான் எழுதுவார் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு. நூறு பேரில் இவன் எத்தனையாவது என்று படிவத்தில் கேட்டால், எல்லோரும் முதல் ஐந்துக்குள் என்று டிக் அடிப்பார்கள். இவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, இருபதுக்குள் என்று அடிப்பார். அதனாலேயே அவர் ஆய்வகத்துக்கு ஆள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது.

டெஸ்ஸாவின் கதை அதைவிட மோசம். ஆறு வருடத்துக்கு முன் அவர் வெளியிட்ட ஒரு முடிவை இவள் திரும்பச் செய்து பார்த்திருக்கிறாள். எட்டு மாதம் முயன்றும் வரவில்லை. கடைசியில் அவர் அறைக்குப் போய், உங்கள் முடிவு தப்பு என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் "சரி" என்றார். அதற்கப்புறம் மூன்று வாரம் அவளுடன் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பத்திரிகைக்கு எழுதினார். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது.

"அவர் மானத்தையே வாங்கியிருக்கேன். அவர்கிட்ட போய் என்னைப் பத்தி நல்லா எழுதுங்கன்னு எப்படிக் கேக்கறது?" என்றாள்.

கடிதத்தில் என்ன இருக்கும் என்று ஆர்டிஸுக்கு அப்போது தெரியாது. தெரிந்த விதியை மட்டும் சொன்னாள். இந்தப் படிப்புக்கு, நீ எந்தெந்த ஆய்வகத்தில் கணிசமாக வேலை செய்தாயோ அந்தப் பேராசிரியர்கள் அத்தனை பேரும் எழுத வேண்டும். மூன்று வருடம் இருந்த இடத்திலிருந்து கடிதம் இல்லையென்றால், அங்கே என்ன தில்லுமுல்லு செய்தாள் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. டெஸ்ஸா படித்தாள், உதட்டைக் கடித்தாள், கணக்குப் பேராசிரியர் பெயரை அடித்துவிட்டு ட்வீட்டன் பெயரை எழுதினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற முகத்தோடு வெளியே போனாள்.

ஜூனில் கடிதங்கள் வந்தன. ஸ்டோடார்டுடையது பெயரடைகளாலேயே கட்டிய ஒன்று. அபாரம், அற்புதம், அரிது. அதே போல வருடத்துக்கு நாற்பது வரும், எங்களுக்குக் கண் கூசாது. ட்வீட்டனுடையது ஐந்து வரி.

டெஸ்ஸா வுகெலிச் மூன்று வருடம் என் ஆய்வகத்தில் இருந்தாள். நேரத்துக்கு வருவாள். அவள் வேலை மோசமில்லை. அவள் குறிப்பேட்டைப் பார்ப்பதை நான் இரண்டாம் வருடமே நிறுத்திவிட்டேன். இந்தப் படிப்பை அவள் முடிப்பாள் என்று நினைக்கிறேன்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பாவி மனுஷன், பெண்ணின் கழுத்தை அறுத்துவிட்டாரே என்றேன். ஆர்டிஸ் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம்.

"ஏண்டி, இது என்னன்னு புரியலையா உனக்கு? குறிப்பேட்டைப் பாக்கறதை நிறுத்திட்டாராம். அந்த மனுஷன் தன் குறிப்பேட்டையே ரெண்டு தடவை பாப்பார்" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் பக்கத்தில் மோசமில்லை என்று சொன்னால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்று அர்த்தம். கல்யாணச் சாப்பாட்டுக்கும் அதுதான், பிறந்த குழந்தைக்கும் அதுதான். ட்வீட்டனின் அப்பாவும் தாத்தாவும் அதே சொல்லோடு வாழ்ந்து செத்திருப்பார்கள். ஆனால் இதைப் படிக்கப் போகிறவர்கள் கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது, இந்தப் பெண்ணைக் கைகழுவிவிட்டேன் என்றுதான் கேட்கும்.

மாணவரிடம் சொல்லக் கூடாது. எழுதியவரிடம் கேட்கலாம், குறை இருந்தால். ஆர்டிஸ் கடிதத்தை மேலிருந்து கீழே தடவிப் பார்த்து, "தேதி இல்லை" என்றாள். நிஜமாகவே இல்லை. அதை அச்செடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குக் கிளம்பினாள். அறைச் சாவிப் பட்டியலில் ட்வீட்டன் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது, நானும் கூடப் போனேன். வேண்டாமென்று இருந்தாலும் போயிருப்பேன்.

தேதியைப் போட்டுத் தந்தார். ஆர்டிஸ் நகரவில்லை. இந்தக் கடிதத்தை இந்த ஊர்க்காரர்கள் படிக்கப் போவதில்லை டாக்டர் என்றாள். அவருக்குப் புரியவில்லை. இதுக்கு மேல என்ன எழுதணும், நான் வேறு யாருடைய குறிப்பேட்டையும் பார்க்காமல் விட்டதில்லை என்றார். அது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது என்றாள் இவள். பிறகு, அந்தக் கட்டுரை விஷயத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மூன்று வாரமும் ராத்திரி பகல் பார்க்காமல் தானே உட்கார்ந்து சோதனையைத் திரும்பச் செய்ததாகச் சொன்னார். அவள் சரி. தான் தப்பு. அவளிடம் போய் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. கடிதத்தில் எழுதினால் தன்னைப் பெரிய நியாயவான் என்று காட்டிக்கொள்வது போல் இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

"இது உங்களைப் பத்தின கடிதம் இல்லை டாக்டர், அவளைப் பத்தினது" என்றாள் ஆர்டிஸ்.

இது அவளுக்குத் தெரிய வராதுதானே என்று அவர் கேட்டார். என் கிட்ட வந்தது வெளியே போகாது என்றாள். மூன்றாம் நாள் ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது, தேதியோடு. எட்டு மாத வேலை, அவள் அறைக்கு வந்து நின்றது, தான் பேசாமல் இருந்தது எல்லாம் இருந்தது. அந்த வயதில் நானாக இருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டேன், இந்த வயதில் அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு மூன்று வாரம் ஆனது என்று எழுதியிருந்தார். இவளைவிட நல்ல மாணவரை நான் பார்த்ததில்லை என்பது கடைசி வரி. நான் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். ஆர்டிஸ் பெயர், தேதி, கையெழுத்து மூன்றையும் பார்த்து அனுப்பிவிட்டாள்.

குளிர்காலத்தில் டெஸ்ஸா நேர்காணல்களுக்குப் பறந்தாள். மார்ச்சில் மேற்குக் கரையில் ஒரு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. நேர்காணலில் ஒருவர் சொன்னாராம், உன் கடிதங்களில் ஒன்றை எங்கள் கூட்டத்தில் சத்தமாகப் படித்தோம், வழக்கமாக அப்படிச் செய்வதில்லை என்று. யாருடையது என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஸ்டோடார்ட்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அவள் அம்மா பொட்டிட்சா சுட்டு அனுப்பியிருந்தாள். வாதுமையும் தேனும் அரைத்து உள்ளே சுருட்டிச் சுடுகிற ரொட்டி, சுரங்கப் பக்கத்தில் நல்ல காரியம் எதுவும் அது இல்லாமல் நடக்காது. முழு ரொட்டி ஒன்றை ரிப்பன் கட்டி ஸ்டோடார்டிடம் கொண்டுபோனாள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு வந்தது. நாலாம் மாடிக்கு ஒன்றும் போகவில்லை.

அவள் போனதும் ஆர்டிஸைப் பிடித்துக்கொண்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே? தப்பான ஆளுக்கு நன்றி சொல்லிட்டுப் போறா அந்தப் பொண்ணு. ஒரு வார்த்தை சொன்னா என்ன குடி முழுகிடும்?"

"அவ கையெழுத்துப் போட்டிருக்கா. அவர் என்னை நம்பி எழுதியிருக்கார்" என்றாள். ரொட்டியைச் சாப்பிட்டு முடித்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். கல்லுளிமங்கி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பூரா அவளோடு பேசவில்லை, அவளுக்கு அது தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் டெஸ்ஸா தன் இறுதித் தாள்களில் கையெழுத்துப் போட வந்தாள். எங்கள் மேசைக்கு முன் முதல் வருட மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பா நியா வாங் என்று பெயர். இதே எட்டு வருடப் படிப்பு அவளுக்கும் ஆசை. எந்த ஆய்வகத்தில் சேரலாம் என்று கேட்க வந்திருந்தாள். ட்வீட்டனுடைய அணில் வேலை பிடித்திருப்பதாக அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டெஸ்ஸா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் கெட்ட பெண் இல்லை. தான் பட்டது இன்னொருத்தி படக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னாள்.

"அங்க மட்டும் போயிடாதே. வேலை நல்லாத்தான் கத்துக்கலாம். ஆனா கடைசில கடிதம் அவர்தான் எழுதணும், அதைத் தவிர்க்கவும் முடியாது. அந்த ஆளோட கடிதத்தையும் தாண்டி எனக்கு இடம் கிடைச்சதே பெரிய பாடு."

பா நியா கையில் வைத்திருந்த தாளில் ட்வீட்டன் பெயர் மேல் பேனாவை வைத்தாள். அடிக்கவில்லை, வைத்தாள்.

"தாண்டி இல்லை" என்றாள் ஆர்டிஸ்.

திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் திரும்பினாள். "கூட்டத்துல படிச்சாங்களே, அது ட்வீட்டனோட கடிதம்தான். வேற யாரோடதாவும் இருக்க முடியாது. நான் எல்லாத்தையும் படிச்சிருக்கேன்."

டெஸ்ஸா அவளையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதுவே பதிலாகிவிட்டது. என்ன எழுதியிருந்தார் என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது. அதைச் சொல்ல மாட்டேன், நீ கையெழுத்துப் போட்டிருக்கே என்றாள் ஆர்டிஸ். டெஸ்ஸா பையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை, மாடிப்படியில் ஓடும் சத்தம் கேட்டது.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. ஆர்டிஸின் முகம் வெளுத்திருந்தது. பா நியாவுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களைக் கொடுத்து அனுப்பினாள். பிறகு விதிமீறல் படிவத்தைத் திறந்து, தன் பெயரை மேலே போட்டு, நாள், நேரம், சொன்ன வாக்கியங்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினாள். யாராவது சொல்லப்போகிறார்களா, விட்டுத் தொலை என்று கெஞ்சினேன். நீ பண்ணியிருந்தா உன்னை எழுத வச்சிருப்பேன் என்றாள்.

எங்கள் அலுவலகத் தலைவர் பெல்லமி சின்ன வயதுக்காரர். அதைப் படித்துவிட்டு, இதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே ஆர்டிஸ் என்றார். இவள் சம்மதிக்கவில்லை. அவருக்கும் வேறு வழியில்லை. கடித வேலையை அவளிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருந்தவளுக்கு வகுப்பறைகளுக்கு நேரம் ஒதுக்கும் வேலை கிடைத்தது. அன்றே வகுப்பறைப் பட்டியலை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ட்வீட்டன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கீழே இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆர்டிஸின் மேசைக்கு முன் நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, இடம் கொடுத்து நகர்ந்துகொண்டேன்.

"டெஸ்ஸா மேல வந்தா. ரொம்ப அழுதா" என்றார்.

"ஆமா டாக்டர்."

"முதல் வருஷப் பொண்ணு ஒருத்தியும் வந்தா. செப்டம்பர்லேர்ந்து வரச் சொல்லியிருக்கேன்." தொப்பியைக் கை மாற்றிக்கொண்டார். "அந்தக் கடிதம் டெஸ்ஸாவுக்குத் தெரியணும்னு எழுதினதில்லை ஆர்டிஸ். உங்ககிட்ட வந்தா அங்கயே நிக்கும்னு நம்பித்தான் அவ்வளவும் எழுதினேன். இல்லேன்னா எழுதியிருக்க மாட்டேன்."

"தெரியும். நான் பண்ணினது தப்பு."

"இனிமே என் கடிதங்களை நானே நேரா அனுப்பிக்கிறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. தலையை லேசாக அசைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்காக வேலையைத் தொலைத்துக்கொண்டாயே, நன்றி கெட்ட ஜென்மம் என்று ஏதேதோ சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஆர்டிஸ் அழுதுகொண்டிருந்தாள். பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் அம்மா செத்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு இல்லையே" என்றாள்.

இதே நாள் மறுபடி வந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பாயா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். இல்லை, சொல்லத்தான் சொல்வேன் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்பறைப் பட்டியலைத் திறந்தாள்.

ஜூனில் கடிதங்கள் என் கணினிக்கு வந்தன. பெயர், தேதி, கையெழுத்து பார்த்து அனுப்பினேன். ஆர்டிஸ் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவைகூட என் திரைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. ட்வீட்டனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.